ஞாயிற்றுக்கிழமைப் பனி

ஏணியின் மூன்றாவது படியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நான் கலைஞன் ஆவது என்று முடிவு செய்தேன்.

கையில் ஒட்டடைக் குச்சி. மூக்கில் கட்டிய கைக்குட்டை. கண்ணில் மின்விசிறியின் தூசி. மணி காலை ஆறு. கிழமை ஞாயிறு. மானமுள்ள மனிதர்கள் எல்லாம் போர்வைக்குள் இருக்கும் நேரம்.

என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும். விழிப்பு வந்தால் வீடு அழுக்காகத் தெரியும். வீடு அழுக்காகத் தெரிந்தால் அடுத்தபடியாக நான் தெரிவேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக இதே வரிசைதான், ஒரு வாரம்கூட மாறியதில்லை.

வாரத்தில் ஆறு நாள் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். "இது தெளிவா இருக்கா? இல்ல, இது தெளிவா இருக்கா?" என்று காலையிலிருந்து மாலைவரை கேட்டுக்கொண்டே இருப்பேன். ஏழாம் நாள் எனக்கு எதுவும் தெளிவாகத் தெரிய வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் போதும். ஆறிலிருந்து எட்டு, இரண்டே மணி நேரம். இதைவிடச் சின்ன ஆசை ஒரு குடும்பஸ்தனுக்கு இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாயிற்று. "தூங்குங்களேன், யாரு வேண்டாம்னா? இந்த ஃபேனை மட்டும் துடைச்சுக் குடுத்துட்டு" என்பாள். ஃபேனுக்குப் பிறகு ஜன்னல் கம்பி வரும். ஜன்னல் கம்பிக்குப் பிறகு பரண் வரும். பரணுக்குப் பிறகு மத்தியானம் வந்துவிடும்.

ஆகவே வீட்டில் தூங்க வழியில்லை. வெளியேதான் போக வேண்டும். ஞாயிறு விடியற்காலையில் கௌரவமான ஒருவன் எதற்காக வெளியே போவான்? நடைப்பயிற்சி என்றால் அவளும் கூட வருவாள். கடைக்கு என்றால் பட்டியல் வரும். கடை வேலை இருக்கிறது என்றால், விடியற்காலையில் எவன் வந்து கண் பரிசோதித்துக்கொள்வான்? கலை ஒன்றுதான் வழி. கலைஞனிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கலை? பாட்டு என்றால் பாடித் தொலைக்க வேண்டும். ஓவியம் என்றால் வரைய வேண்டும். அப்போதுதான் பரணின் மூலையில் என் பழைய ஃபிலிம் கேமரா கண்ணில் பட்டது. கல்யாணத்துக்கு முன்பு, எனக்கென்று ஆசைகள் இருந்த காலத்தில் வாங்கியது. அதைப் பார்த்ததும் முழுத் திட்டமும் ஏணியின் மேலேயே பூர்த்தியாகிவிட்டது.

மூடுபனி! பனி விடியற்காலையில்தான் இருக்கும், வெயில் ஏறினால் போய்விடும். கலைஞன் ஆறு மணிக்கு அங்கே இருந்தாக வேண்டும். இது இயற்கை போட்ட சட்டம், நான் போட்டதில்லை. பனிக்குள் ஒன்றும் தெரியாது. எனவே என்ன எடுத்தாய் என்று யாரும் கேட்க முடியாது. கலர் வேண்டாம், கலர் காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு வெள்ளை. அதுவும் ஃபிலிம். வாரத்துக்கு ஆறு படம் எடுத்தால் ஒரு ரோல் தீர ஆறு வாரம். கழுவி வர இரண்டு வாரம். ஆக எட்டு வாரத் தூக்கத்துக்கு உத்தரவாதம்.

இவ்வளவு யோசித்தவன் ஒன்றை யோசிக்காமல் விட்டேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். சாம்பல் நிறப் புகைக்குள்ளே விரிசல் எங்கே இருக்கிறது என்று பதினைந்து வருஷமாகப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். அப்படிப்பட்டவளிடம் மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தோடு போய் நிற்கலாம் என்று என்னைத் தவிர வேறு எந்தப் புருஷனுக்கும் தோன்றியிருக்காது.

"நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன்" என்றேன்.

"இறங்கி வந்து சொல்லுங்க. விழுந்து வைக்காதீங்க."

"போட்டோ எடுக்கப் போறேன்."

"யாரை?"

"யாரையும் இல்ல. பனியை."

"பனியையா?"

"மூடுபனி. ஏரிக்கரை. கறுப்பு வெள்ளை."

"ஏன், கலர்ல எடுத்தா பனி கோவிச்சுக்குமா?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. கலர் கண்ணை ஏமாத்தும். கறுப்பு வெள்ளை உண்மையை அப்படியே சொல்லும்."

"அது எனக்குத் தெரியும்" என்றாள்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. "விடியக்காலை அஞ்சரைக்குக் கிளம்பணும். ஞாயித்துக்கிழமை மட்டும்தான்."

"எப்ப வருவீங்க?"

"அதை நான் எப்படிச் சொல்றது? பனி எப்ப விடுதோ அப்பதான். எட்டரை ஆகும்."

நான் எட்டு வாதங்களைத் தயாராக வைத்திருந்தேன். கலை, மன அமைதி, ரத்த அழுத்தம், இப்படி வரிசையாக. அவள் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

"சரி, போயிட்டு வாங்க. ஸ்வெட்டர் போட்டுக்குங்க."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதினாறு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றை அவள் முதல் சுற்றிலேயே ஒப்புக்கொண்டது அதுதான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஜெயித்த மப்பில் உறைக்கவில்லை.

ஏரி எங்கள் குடியிருப்பிலிருந்து காரில் இருபது நிமிஷம். கரையோரம் ஒரு பெரிய மரம். அதன் அடியில் வண்டியை ஏரியைப் பார்த்து நிறுத்தினேன். முதல் வாரம் நிஜமாகவே பனி இருந்தது. எதிரே தண்ணீரும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை. ஜன்னல்களை ஏற்றினேன். இருக்கையைப் பின்னால் சாய்த்தேன். ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டேன். ஏணி இல்லை. வாளி இல்லை. "என்னங்க" இல்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணை அப்படியே மூடிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு விழிப்பு வந்தது. எதிரே ஒரே வெள்ளை. சாய்ந்த வாக்கிலேயே கேமராவை எடுத்து ஆறு படம் அடித்தேன். அப்புறம் கிளம்ப வேண்டுமே என்று துணியை எடுத்து முன்கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடைத்தேன். துடைத்து முடிப்பதற்குள் பனி விலகி ஏரி பளிச்சென்று தெரிந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நான் துணியை எடுப்பதற்குத்தான் பனி காத்திருந்ததுபோல் விலகும். இயற்கையின் நேரம் தவறாமையை மெச்சிக்கொண்டு வீடு திரும்புவேன்.

வீட்டில் அவளும் நல்ல முகமாகத்தான் இருந்தாள். பாட்டுக்கூட முணுமுணுத்தாள். சூடாகக் காப்பி வந்தது. நான் மட்டும் ஃபேனை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தால் ஏணி ஞாபகம் வரும்.

எட்டு வாரம் கழித்துப் படங்கள் வந்தன. முப்பத்தாறிலிருந்து உள்ளதில் சுமாரானதை எடுத்து அவளிடம் நீட்டினேன். அவள் அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஆஸ்பத்திரிப் பழக்கம்.

"இது என்ன?"

"ஏரி."

"இது?"

"அதுவும் ஏரிதான். பெரிய ஏரி."

"கீழ இந்தச் சாய்வான கோடு?"

எனக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆனாலும் கலைஞன் தயங்கக் கூடாது. "துடுப்பு. யாரோ கரையில விட்டுட்டுப் போன துடுப்பு."

"படகு எங்க?"

"பனிக்குள்ள."

"மேல ஓரத்துல கறுப்பா?"

"பறவை."

"ம்" என்றாள். அந்த "ம்" கொஞ்சம் நீளமாக இருந்தது. அப்புறம், "நல்லா வந்திருக்குங்க" என்றவள், மறுநாளே சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டாள்.

வினை அந்தச் சுவர் வழியாகத்தான் வந்தது. மாடிவீட்டில் ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். எங்கள் ஊர்ப் புகைப்படச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எங்கள் ஏணியை இரவல் வாங்க வந்தவர், அந்தப் படத்தின் முன்னால் சிலையாக நின்றுவிட்டார்.

"தம்பி, இது நீங்க எடுத்ததா?"

"ஆமா சார்."

"இதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுதா?"

"தெரியல சார்" என்று வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அதான்! ஒண்ணுமே இல்ல! நாற்பது வருஷமா நான் பசங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்தேன், எதை வரையறதுங்கிறதைவிட எதை விடறதுங்கிறதுதான் பெருசுன்னு. நீங்க எல்லாத்தையும் விட்டுட்டீங்க தம்பி!"

அவர் கண்ணில் நீர். நூலகக் கூடத்தில் ஞாயிறு சாயங்காலம் சங்கத்தின் கண்காட்சி. அதில் ஒரு முழுச் சுவர் எனக்கே எனக்காம். பத்துப் படம் வேண்டுமாம். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "அதுக்கென்ன சார், பெருசாப் போட்டுக் குடுத்துடுவார்" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம் பத்துப் படங்களும் பெரிய அளவில் வந்து சாப்பாட்டு மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். நானே பவர் பார்த்து, நானே பொருத்திக் கொடுத்த கண்ணாடி. ஒரு பென்சிலையும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"என்னங்க, இந்தப் பறவை எந்த வாரம் எடுத்தது?"

"முதல் வாரம்."

"இது?"

"நாலாவது வாரம்."

"ரெண்டும் ஒரே இடத்துல இருக்கே."

"பழகின பறவை."

"ஒரே பக்கமாப் பார்க்குது."

"அந்தப் பக்கம் அதுக்குக் கூடு இருக்கும்."

"பத்துப் படத்துலயும் றெக்கையை அசைக்கவே இல்ல. சதுரமா வேற இருக்கு."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"இது நம்ம குடியிருப்பு பார்க்கிங் ஸ்டிக்கருங்க. இந்தத் துடுப்பு நம்ம வண்டி வைப்பர். போன மாசம்தான் ரப்பர் கிழிஞ்சிருக்குன்னு சொன்னேன். பாருங்க, இங்க கிழிஞ்சிருக்கு."

"சரி, வண்டிக்குள்ள இருந்துதான் எடுத்தேன். வெளியில குளிருது. அது ஒரு குத்தமா? பனி நிஜம்தானே?"

"அதுக்குத்தான் வர்றேன்" என்று பென்சிலை இன்னொரு படத்துக்கு நகர்த்தினாள். "இது என்ன?"

"நாணல். ஒத்தை நாணல். வாத்தியாருக்கு ரொம்பப் பிடிச்ச படம்."

"நாணல் கீழேருந்து மேல போகும். இது மேலேருந்து கீழ வந்திருக்கு. நுனியில சொட்டு வேற நிக்குது. ஜன்னலை ஏத்தி வச்சிருந்தீங்களா?"

"குளிருமே."

"கண்ணாடியை எந்தப் பக்கம் துடைச்சீங்க?"

"உள்பக்கம்."

"துடைச்சதும் பனி போயிடுச்சா?"

"ஆமா! உடனே! எல்லா வாரமும் அப்படித்தான். உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். நோயாளியின் சொந்தக்காரர்களிடம் பேசும் குரலில் சொன்னாள். "அது பனி இல்லீங்க. உங்க மூச்சு."

"மூச்சா?"

"ரெண்டு மணி நேர மூச்சு. அதுவும் வாயைத் திறந்துக்கிட்டு விட்டது. இந்தப் பத்துப் படமும் உங்க குறட்டை."

என் முகத்தில் ஈயாடவில்லை. தினம் நாற்பது பேரிடம் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்கிறவன் நான். கண்ணாடியில் படிந்த என் மூச்சை ஆறு வாரம் பனி என்று நினைத்துப் படம் பிடித்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கவலை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போச்சே என்பது. மறுபடியும் ஏணி. மறுபடியும் பரண்.

"வாத்தியார்கிட்ட சொல்லிடாதே" என்றேன். குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"நான் ஏங்க சொல்லப் போறேன்?"

"அப்ப... ஞாயித்துக்கிழமை?"

"கண்டிப்பாப் போகணும். ஆரம்பிச்ச காரியத்தை நடுவுல விடலாமா?"

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது. இப்படியும் ஒரு மனைவியா! இவளையா இத்தனை நாள் ஏமாற்றினோம் என்று உள்ளபடியே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் சாயங்காலம் பாத்திரம்கூடத் தேய்த்துக் கொடுத்தேன்.

"ஆனா வண்டியில சாஞ்சு தூங்கறது கழுத்துக்கு நல்லதில்ல" என்றாள் அவள். "உங்க வயசுல உள்ளவங்க கழுத்து வாரத்துக்கு நாலு எடுக்கறேன். அதுக்கு நான் ஒரு வழி பண்றேன்."

தலையணை வாங்கித் தரப் போகிறாள் என்று நினைத்தேன். அன்பான மனிதர்களுக்கு இப்படித்தான் தோன்றும்.

ஞாயிறு சாயங்காலம் நூலகக் கூடம் நிரம்பி வழிந்தது. என் குறட்டை பத்துச் சட்டங்களில் வரிசையாகத் தொங்கியது. வாத்தியார் ஒலிபெருக்கி முன்னால் நின்று குரல் தழுதழுக்கப் பேசினார். "இந்தப் படங்களைக் கிட்ட போய்ப் பாருங்க. இதுல ஒரு மூச்சு இருக்கு! உயிருள்ள மூச்சு! இதை இவரு தன்னை மறந்த நிலையில எடுத்திருக்காருன்னு பார்த்தாலே தெரியுது!"

முன்வரிசையில் என் மனைவிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். வணக்கம் மட்டும் சொன்னேன். கூட்டத்திலிருந்து ஒரு வங்கிக் காசாளர் எழுந்து, "சார், இந்த இடத்துக்கு எங்களையும் ஒருநாள் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேட்டார். அதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள்.

"அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி. அதனால நான் சொல்லிடறேன். வர்ற வாரத்துலருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் விருப்பம் இருக்கற எல்லாரும் அவரோட போகலாம். காலையில நாலரைக்கு நூலக வாசல்ல வந்து நிக்கணும். காரெல்லாம் வேண்டாம், நடந்துதான். கார் கண்ணாடி வழியாப் பார்த்தா பனியோட உண்மை தெரியாதுன்னு அடிக்கடி சொல்லுவார்."

கைத்தட்டல் கூரையைத் தொட்டது. வாத்தியார் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். மொத்தம் பதினான்கு பேர்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? பேசாம இருந்திருந்தா நான் பாட்டுக்கு ஒரு மூலையில தூங்கிட்டு வந்திருப்பேனே!"

"பதினாறு வருஷமா ஞாயித்துக்கிழமை அஞ்சரைக்கு நான் ஏன் எழுந்திரிக்கறேன்னு நினைக்கறீங்க?"

"வீடு அழுக்கா இருக்குன்னு."

"வாரம் பூரா காலை ஷிப்டு. தூங்கறதுக்கு எனக்கு இருக்கறது அந்த ஒரு காலைதான். அஞ்சரை ஆனா உங்க குறட்டை உச்சத்துக்குப் போயிடும். அதுக்கப்புறம் எங்கேருந்து தூங்கறது? முழிச்சவ சும்மா உக்காந்திருக்க முடியுமா? ஒட்டடை அடிச்சேன். நான் மட்டும் ஏன் முழிக்கணும்னு உங்களையும் எழுப்பினேன்."

"அப்ப நான் ஏரிக்குப் போன இந்த ரெண்டு மாசமா?"

"தூங்கினேன். எட்டேகால் வரைக்கும். கட்டில் முழுக்கக் கையைக் காலை நீட்டிக்கிட்டு" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிறைவைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரவில்லை. "மேல ஃபேனைப் பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். ஃபேனுக்கு மீசை முளைத்திருந்தது.

"சரி, அதுக்கு எதுக்குப் பதினாலு பேர்? நான்தான் எப்படியும் போயிக்கிட்டிருந்தேனே?"

"இன்னும் மூணு வாரத்துல பனி முடிஞ்சிடும். அப்புறம் நீங்க வீட்டுலதானே இருப்பீங்க? அதான் சார்கிட்ட பேசி வருஷம் பூராத் திட்டம் போட்டாச்சு. பனி முடிஞ்சா சூரிய உதயம். அது முடிஞ்சா மழை மேகம். உங்களுக்கும் கழுத்து நேராகும்."

இதோ, அந்த ஞாயிறும் வந்துவிட்டது. இருட்டு பிரியும் நேரத்தில் ஏரிக்கரையில் நிற்கிறேன். கால் வலிக்கிறது. பின்னால் பதினான்கு பேர். "சார், பனியை எப்ப எடுத்தாலும் வெள்ளையா வராம சாம்பலா வருதே" என்று ஒருவர் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, காசாளருக்குத் தெரிந்திருக்கிறது. பனியைக் கண்டால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று பயந்து அடக்கிவிடுமாம், நாம்தான் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டுமாம். நான் ஏற்கெனவே தெரிந்தவன்போல் தலையாட்டினேன்.

அப்போது பனி இறங்கியது. கண்ணாடிக்கு உள்ளே படிவதில்லை, நிஜப் பனி. தண்ணீர்மேல் மெதுவாக நடந்து வந்து, எங்கள் முழங்காலைத் தொட்டு, ஒவ்வொரு மரமாக எடுத்துக்கொண்டு போனது. கேமராவைத் தூக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இத்தனை வாரம் இதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு இதைப் பார்க்காமல் போய்விட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன். இதை அவளும் பார்க்க வேண்டும், இந்த நிமிஷமே அவளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று, பதினாறு வருஷத்தில் முதல்முறையாகத் திட்டம் எதுவும் இல்லாமல், மனசார வீட்டுக்கு ஃபோன் போட்டேன்.

அவள் ஃபோனை அணைத்து வைத்துவிட்டுத் தூங்கியிருந்தாள்.